தேரச்சுக்கு எதைத் தடவுவது?

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலையில் தேரோட்டம். விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் மாட வீதிகளை வலம் வருகின்றன. அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பது வழக்கம். அண்ணாமலையாரின் பெரிய தேர் ஏறக்குறைய 59 அடி உயரமும் 200 டன் எடையும் கொண்டது என்று செய்திகள் சொல்கின்றன. பழுதுபார்ப்பு முடிந்து 2024 நவம்பரில் அதற்கு வெள்ளோட்டம் விட்டார்கள்.

இவ்வளவு எடையை வடம் பிடித்து நகர்த்த வேண்டுமென்றால் உராய்வு குறைந்தாக வேண்டும். அதற்கு எதைத் தடவுவது என்ற கேள்வி தேரைவிடப் பழையது. நெய் என்றும் கொழுப்பு என்றும் விளக்கெண்ணெய் என்றும் கிரீஸ் என்றும் காலத்துக்கு ஒரு விடை வந்திருக்கிறது. தடவுவதே வேண்டாம், அச்சையே மாற்றிவிடலாம் என்பவர்களும் உண்டு. ஒவ்வொரு விடையும் தேரின் எந்த இடத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறது என்று பார்த்தால் சண்டையில் பாதி குறைந்துவிடும். எதைத் தடவுவது என்பதைவிட எங்கே தடவுவது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நெய்யும் கொழுப்பும்

எகிப்தில் ஜெகுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் இருந்தது. காலம் சுமார் கி.மு. 1880. பெரிய சிலையொன்றைச் சறுக்குப் பலகையில் ஏற்றி ஏராளமான ஆட்கள் கயிறு கட்டி இழுக்கிறார்கள். பலகையின் முன்நுனியில் நிற்கும் ஒருவன் குடத்திலிருந்து எதையோ தரையில் ஊற்றுகிறான். இது வெறும் சடங்கு என்று சொன்னவர்கள் உண்டு. உராய்வைக் குறைக்கும் உத்தி என்று சொன்னவர்களும் உண்டு. 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மணலில் சோதித்துப் பார்த்தார்கள். மணலைச் சரியான அளவுக்கு நனைத்தால் இழுவிசை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தண்ணீர் கூடினால் பலன் போய்விடுகிறது. அளவு தப்பினால் தடவிய பொருளே எதிரியாகும் என்ற பாடம் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வருவது.

யூயா, தூயூ என்ற தம்பதியின் கல்லறையில் கிடைத்த எகிப்தியத் தேரின் அச்சில் கொழுப்புப் பிசின் எஞ்சியிருந்தது. அது ஆட்டுக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ என்று ஆய்ந்தவர்கள் கருதினார்கள். கூடவே மணலும் சுண்ணாம்பும் கலந்திருந்தன. சாலைப் புழுதி மசகில் ஏறிக்கொள்வது மூவாயிரம் ஆண்டுப் பழைய தொல்லை. இந்தியப் பக்கம், வேள்வி வண்டியின் அச்சுக்கு நெய் பூசும் சடங்கைச் சதபத பிராமணம் விவரிக்கிறது. தமிழில் உமணர் வண்டிகளின் அடியில் மாற்று அச்சு கட்டியிருந்த செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் தருகிறது. உப்பு ஏற்றி மேடு பள்ளம் தாண்டும் வண்டிக்கு அச்சு முறிவது அன்றாட அபாயம் என்று அதிலிருந்து தெரிகிறது.

இந்தப் பழைய விடைகளுக்கு ஒரு பொதுக் குறை. கோடை வெயிலில் நெய் உருகி ஓடிவிடும். சூட்டில் இளகி, புழுதியைப் பிடித்து, கடைசியில் அரம்போல் தேய்க்கும் பசையாகிவிடும் கொழுப்பு. தமிழ்நாட்டு வண்டிக்காரர்கள் வேறு வழியைத் தேர்ந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

வண்டி மை

மாட்டு வண்டி வைத்திருந்த வீடுகளில் மசகு கடைச்சரக்கு அல்ல, வீட்டுத் தயாரிப்பு. வைக்கோலை எரித்துக் கரியாக்கி, நன்றாக நுணுக்கி, விளக்கெண்ணெயில் குழைப்பார்கள். கன்னங்கரேலென்று பசையாக வரும் அதுதான் வண்டி மை. வண்டியின் அடியில் தொங்கும் மூங்கில் குழாயில் அது ஒரு குச்சியோடு எப்போதும் இருக்கும். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, அச்சில் மையைச் சுற்றிலும் தடவி, சக்கரத்தின் நடுக் குடத்தை மறுபடி உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது. சக்கரம் கிறீச்சிட்டால் மை வற்றிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கலவைக்கு வேதியியல் நியாயம் உண்டு. ஆமணக்கு எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம் என்னும் ஒரே கொழுப்பமிலம். அதன் மூலக்கூறில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியால் எண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களைவிட மிகக் கெட்டியாக இருக்கிறது. உலோகப் பரப்பிலும் பிடிப்பாக ஒட்டுகிறது. முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சுழல் எஞ்சின்கள் விளக்கெண்ணெயில்தான் ஓடின. காஸ்ட்ரால் என்ற வணிகப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. கரித்தூள் எண்ணெயைத் தாங்கிப் பிடித்து வழிந்தோடாமல் வைக்கிறது. எண்ணெய் வற்றிய இடத்திலும் அச்சும் குடமும் நேரே உரசாதபடி கொஞ்சம் இடையில் நிற்கிறது.

ஆனால் இதிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி. முழுக்க எரிந்து வெள்ளைச் சாம்பலானால் எஞ்சுவது பெரும்பாலும் அதுதான், அதாவது மணலின் உறவினர். அது அச்சைத் தேய்க்கும். கரியாக இருக்கும்போதே தீயை அணைத்துவிட வேண்டும் என்ற பக்குவம் மையின் தரத்தைத் தீர்மானித்திருக்கக் கூடும். நம் கைத்தொழில் மரபுகளைப் புகழ்வோர் இதைச் சொல்வதில்லை. இகழ்வோர் இதைச் சோதித்ததும் இல்லை.

தக்கையைத் தள்ளிய எண்ணெய்

ஐரோப்பாவில் கேள்வி வேறு பாதையில் போயிற்று. 1699இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் கியோம் அமோந்தோன் இரண்டு விதிகளை வைத்தார்: உராய்வு சுமைக்கு நேர்விகிதம்; தொடும் பரப்பின் அளவைச் சார்ந்ததல்ல. செம்பு, இரும்பு, ஈயம், மரம் என எதை எடுத்தாலும் சுமையில் மூன்றில் ஒரு பங்குதான் உராய்வு என்றார். எல்லாப் பொருளுக்கும் ஒரே விடை எப்படி வந்தது? அவர் எல்லாப் பரப்புகளிலும் பன்றிக் கொழுப்பைப் பூசியிருந்தார். அளந்தது பெரும்பாலும் கொழுப்பின் உராய்வைத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஷார்ல் கூலோம் 1785இல் வெளியிட்ட ஆய்வு தேருக்கு இன்னும் நெருக்கமானது. கருவாலி மரத்தின் மேல் மரத்தையும் உலோகத்தையும் வைத்து, வறண்டும் கொழுப்புப் பூசியும் இழுத்துப் பார்த்தார். இரு பரப்புகளும் எவ்வளவு நேரம் சேர்ந்தே கிடக்கின்றனவோ அவ்வளவு நேரம் கிளப்புவதற்கான விசை கூடிக்கொண்டு போவதைக் கண்டார். ஆண்டு முழுவதும் நிலையில் நின்றுவிட்டு ஒரே நாள் ஓடும் தேருக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு இல்லை. முதல் அசைவுக்குத்தான் நெம்புகட்டையும், சில ஊர்களில் பின்னாலிருந்து தள்ளும் புல்டோசரும் தேவைப்படுகின்றன. கிளம்பிவிட்டால் தேர் போய்க்கொண்டிருக்கும்.

பெரிய திருப்பம் 1883இல் வந்தது. இங்கிலாந்தில் ரயில் அச்சுகளின் மசகைச் சோதித்த போஷம்ப் டவர், எண்ணெய் விடுவதற்காக அச்சைத் தாங்கும் தாங்கியின் (பேரிங்) மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகாமல் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், எண்ணெய் தள்ளிவிட்டது. மரமுளை செருகினார், அதையும் தள்ளியது. அச்சு தாங்கியைத் தொடவே இல்லை, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தது என்று புரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே அழுத்தம் பிறந்து சுமையைத் தூக்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பொறியியல் பெரும்பாலும் இந்த விடையின் மேல் நின்றது. நல்ல எண்ணெய், சரியான பாகுநிலை, போதுமான வேகம் இருந்தால் தேய்மானமே இராது. ஆனால் தேருக்கு வேகம் எங்கே இருக்கிறது? சக்கரத்தின் விட்டம் அச்சின் விட்டத்தைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், தேர் ஒரு மீட்டர் நகர அச்சின் பரப்பில் நடக்கும் சறுக்கல் பத்து சென்டிமீட்டர்தான். அதுவும் நின்று நின்று, முட்டுக்கட்டை போட்டுப் போட்டு. அந்த வேகத்தில் எண்ணெய்ப் படலம் எழும்பச் சாத்தியம் மிகக் குறைவு. ரயிலுக்குச் சரியான விடையை அப்படியே தேருக்கு எடுத்துவருவது பிழை.

ஒட்டிக்கொள்ளும் படலம்

இந்த இடைவெளியை நிரப்பியது வில்லியம் ஹார்டியின் ஆய்வு. 1922இல் அவரும் ஐடா டபுள்டேயும், மிதக்கும் அளவுக்குப் படலம் இல்லாதபோதும் கொழுப்பமில மூலக்கூறுகள் உலோகத்தில் ஒட்டி நின்று உராய்வைக் குறைப்பதைக் காட்டினார்கள். பாகுநிலையைவிட ஒட்டும் குணமே இங்கே முக்கியம். பிறகு பௌடன், டேபர் இருவரும் 1950இல் வெளிவந்த நூலில், இரு பரப்புகள் உண்மையில் தொடுவது சில முகடுகளில் மட்டுமே என்றும், அங்கே அவை ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதை அறுக்கும் விசையே உராய்வின் பெரும்பகுதி என்றும் விளக்கினார்கள்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் வண்டி மை மறுபடி மதிப்புப் பெறுகிறது. மெதுவாக, பெருஞ்சுமையோடு, நின்று நின்று நகரும் அச்சுக்கு வேண்டியது மிதக்கவைக்கும் எண்ணெய் அல்ல. ஒட்டிக்கொண்டு விலகாமல் நிற்கும் பொருள்தான் வேண்டும். விளக்கெண்ணெய்க்கு அந்தக் குணம் உண்டு. கனிம எண்ணெயில் செய்த எளிய கிரீஸுக்கு அது குறைவு. கிராபைட்டோ மாலிப்டினம் டைசல்பைடோ சேர்த்த கிரீஸ் அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது. நீரைத் தாங்குவதிலும், நாள்பட்டுப் பிசினாகாமல் இருப்பதிலும் கிரீஸ் முந்துகிறது. விளக்கெண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டியாகும். கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதையும் மறக்கக் கூடாது.

உராய்வை ஒழிக்கலாமா

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்டது. 1948க்குப் பிறகு ஓடாமல் நின்ற அந்தத் தேர் மு. கருணாநிதி முதல்வராக இருந்த 1970இல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தமிழ்நாட்டின் வேறு பல தேர்களுக்கும் அப்படியே. மரச்சக்கரமும் மர அச்சும் இருந்த இடத்தில் எஃகு வந்ததும் மசகுக் கேள்வியின் முகம் மாறிவிட்டது.

சாலை வண்டிகளில் இந்த மாற்றம் முன்பே நடந்தது. டயர் வண்டி வந்ததும் பந்துத் தாங்கியும் கூடவே வந்தது. மூங்கில் குழாய் மறைந்தது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி மாட்டு வண்டியை மேம்படுத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். மாடு படும் சிரமம் அவருடைய முதல் கவலை. தேருக்கும் உருளைத் தாங்கி வைத்துவிட்டால் இழுப்பது எளிதாகும் என்ற வாதம் அதன் தொடர்ச்சிதான்.

திருவண்ணாமலையில் இதற்கு மறுப்புச் சொல்ல வீதியின் அமைப்பே போதும். மலை ஊருக்கு மேற்கே. தரை மேற்கு நோக்கி ஏறுகிறது. கிழக்கே தேரடியில் கிளம்பும் தேர் வலமாகச் சுற்றும்போது, தெற்கே திருவூடல் தெருவில் ஏறி, மேற்கே பேகோபுரத் தெருவைக் கடந்து, வடக்கு வீதியில் இறங்கி நிலைக்கு வருகிறது. ஏறும்போது உதவும் அதே வழுக்கல் இறங்கும்போது ஆபத்து. உராய்வு மிகக் குறைந்த அச்சில் 200 டன் கீழே உருண்டால் அதை நிறுத்த முட்டுக்கட்டை போடுபவர்களின் கைகளும் பிரேக்கும் மட்டுமே இருக்கும். அந்த ஆட்கள் சக்கரத்துக்கு முழ அளவு தூரத்தில் குனிந்து நிற்பவர்கள். தாங்கி வைக்கச் சொல்பவர்கள் பிரேக்கின் திறனையும் சேர்த்தே பேச வேண்டும். பல நேரங்களில் பேசுவதில்லை.

மூலையில் நடப்பது

இத்தனை வாதமும் அச்சைச் சுற்றியே சுழல்கிறது. தேருக்கு இருக்கும் உண்மையான சறுக்கல் பிரச்சினை வீதியின் மூலையில் இருக்கிறது.

தேரின் அச்சுகள் திரும்பாதவை. காரைப்போல் முன்சக்கரம் வளையாது. முட்டுக்கட்டையை ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன் சாய்த்துப் போட்டு, சிறிது சிறிதாகத் திசையை மாற்றலாம். நேர் வீதியில் அது போதும். செங்கோணத் திருப்பத்தில் போதாது. அங்கே சக்கரம் உருளாமல் பக்கவாட்டில் சறுக்கியாக வேண்டும். திருவாரூரில் இதற்கு ஒரு முறை உண்டு. மூலையில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, கிரீஸைத் தாராளமாகப் பூசி, சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, வடத்தைத் திருப்பும் திசையில் இழுக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அது உருளும் வண்டியல்ல, சறுக்கும் வண்டி.

எங்கே தடவினால் பலன் அதிகம் என்பதை எளிய கணக்கால் பார்க்கலாம். இவை பாடநூல்களில் வரும் உராய்வு எண்களை வைத்துப் போட்ட தோராயம்தான். 200 டன் தேரில் மசகற்ற அச்சின் உராய்வெண் 0.4 என்றால் அச்சில் எதிர்க்கும் விசை 80 டன். ஆனால் சக்கரத்துக்கும் அச்சுக்கும் உள்ள பத்து மடங்கு விட்ட வித்தியாசம் அதை வடத்தில் 8 டன்னாக ஆக்கிவிடுகிறது. மசகு பூசி உராய்வெண்ணை 0.1 ஆக்கினால் 2 டன். மிச்சம் 6 டன். மூலையில் தேரின் பாதி எடை மட்டுமே சறுக்குகிறது என்று கொள்வோம். மசகில்லாமல் 40 டன். பூசினால் 10 டன். மிச்சம் 30 டன். அச்சில் மசகு செய்யும் உதவியைச் சக்கரம் ஏற்கெனவே பெரும்பாலும் செய்து முடித்துவிட்டது. மூலையில் அந்தச் சலுகை இல்லை. ஆக, அச்சு மசகின் முதல் வேலை தேய்மானத்தையும் சூட்டையும் தடுப்பது. இழுப்பை எளிதாக்குவது இரண்டாவதுதான். சாலையும் இதில் சேரும். சக்கரம் புதையும் மண்ணில் உருளும் தடையே பல மடங்கு ஏறும். அண்மை ஆண்டுகளில் மாட வீதிகளில் போட்ட சிமென்ட் கான்கிரீட் சாலை எந்த மசகையும்விட இழுப்பை எளிதாக்கியிருக்கலாம்.

சக்கரமே இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். குல்மார்க்கிலும் அவுலியிலும் பனிச்சறுக்குக் கட்டை பூட்டி ஓடுபவர்களுக்கு எப்போதும் மூலைதான். முழு எடையும் சறுக்குகிறது. ஆகவே மெழுகு அவர்களுக்கு உயிர்நாடி. பனி ஏன் வழுக்குகிறது என்பதற்கே மூன்று விடைகள் உண்டு. அழுத்தத்தால் உருகுகிறது என்றது 1886இல் ஜாலி சொன்ன விளக்கம். கடுங்குளிரில் அந்த அழுத்தம் போதாது. உராய்வுச் சூட்டில் உருகுகிறது என்று பௌடனும் ஹியூஸும் 1939இல் காட்டினார்கள். அசையாமல் நிற்பவனும் வழுக்கி விழுவது ஏன் என்பதற்கு அது விடையாகாது. பனியின் மேற்பரப்பு இயல்பிலேயே இளகியிருக்கிறது என்று 1850இல் ஃபாரடே சொன்னதற்கு இப்போது ஆதரவு கூடியிருக்கிறது. கேள்வி தீராத நிலையிலும் வேலை நடக்கிறது. வீட்டில் இஸ்திரிப் பெட்டியால் மெழுகை உருக்கி அடிப்பரப்பில் தேய்க்கிறார்கள். ஆறியதும் பெரும்பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். நுண்துளைகளில் இறங்கியது போதும், மேலே நிற்பது தடை. புளோரின் மெழுகு அதிகம் வழுக்கினாலும் உடலுக்கும் நீருக்கும் கேடு என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்தில் அதைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அள்ளி அப்புவது நன்மை என்ற நம் பழக்கம் அங்கே செல்லாது. நம் தேரோட்டத்திலும் மூலையில் பூசிய கிரீஸ் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்த வீதிக்கு வருகிறது. முட்டுக்கட்டை பிடிக்க வேண்டிய இடத்தில் அது எமன்.

முடிவாகாதவை

இப்போதைய நிலையில் சில விடைகளை ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். மெதுவாக ஓடும் தேரச்சுக்கு ஒட்டும் குணமுள்ள மசகு வேண்டும். அந்த வகையில் வண்டி மை மூடநம்பிக்கை அல்ல. மழைக்கும் நீண்ட ஓய்வுக்கும் திடப்பொருள் சேர்த்த கிரீஸ் மேல். உருளைத் தாங்கி பிரேக்கின் உறுதியோடு மட்டுமே பேசத்தக்கது. மசகின் பலன் அச்சைவிட மூலையில் பல மடங்கு.

தீராதவையும் உண்டு. மூலையில் உண்மையில் எத்தனை விழுக்காடு எடை சறுக்குகிறது, எத்தனை விழுக்காடு உருள்கிறது? ஆண்டு முழுவதும் நின்ற அச்சில் மசகு எவ்வளவு பிழியப்பட்டுப் போகிறது? முதல் அசைவுக்கு அது எவ்வளவு கூடுதல் விசை கேட்கிறது? வைக்கோல் கரியின் சிலிக்கா உண்மையிலேயே அச்சைத் தேய்த்ததா, அல்லது எண்ணெயே அதைச் சமாளித்ததா? முன்பு கணக்கில் வைத்த 0.4, 0.1 எல்லாம் ஆய்வகத்தின் சுத்தமான பரப்புகளுக்கு உரியவை. மாட வீதியில் உப்பும் மிளகும் பூவும் தண்ணீரும் சக்கரத்தடியில் விழுகின்றன.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆய்வகம் தேவையில்லை. வடத்துக்கும் தேருக்கும் இடையே ஒரு சுமை அளவியைப் பொருத்தினால் போதும். கிரேன்களில் அன்றாடம் பயன்படும் கருவி அது. வெள்ளோட்டத்தில் பக்தர் கூட்டமும் குறைவு, சாமியும் தேரில் எழுந்தருளியிருக்க மாட்டார். கிளம்பும்போது, ஏறும் தெருவில், ஒவ்வொரு மூலையில், இறங்கும் தெருவில் என்று விசையைக் குறித்துக்கொள்ளலாம். அறநிலையத் துறையும் உள்ளூர்ப் பொறியியல் கல்லூரிகளும் அடுத்த வெள்ளோட்டத்தில் இதைச் செய்து, எண்களைத் தேரின் பராமரிப்புப் பதிவேட்டிலேயே எழுதி வைக்க வேண்டும்.